அந்த ஒரு ‘ஆமா’வை அவனிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்

கேள்வி: எங்கள் மகனுக்கு ஏழு வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். நான்கு வருடமாக ஒரு பெண் வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். பையன் அவளோடு ரொம்ப ஒட்டுதல். பள்ளி விட்டு வந்ததும் ‘அக்கா, அக்கா’ என்று அவள் பின்னாலேயே சுற்றுவான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இவன் ஒரு பழைய நோட்டில் தினமும் ஓர் எழுத்து சொல்லிக்கொடுப்பான்.

ஐந்து வாரத்துக்கு முன் என் மோதிரம் காணாமல் போனது. அதற்கு முந்தின வாரம்தான் அவள் சம்பளத்தில் முன்பணம் கேட்டிருந்தாள். அதனால் சந்தேகம் வந்தது. பையனிடம் கேட்டோம். முதலில் தெரியாது என்றான். திரும்பத் திரும்பக் கேட்டதும், அக்கா பீரோவைத் திறந்ததைப் பார்த்தியா என்றதற்கு ‘ஆமா’ என்றான். அவன் எதிரிலேயே அவள் பையைச் சோதித்தோம், ஒன்றும் இல்லை. போலீசுக்குப் போவேன் என்று கணவர் சத்தம் போட்டார். அவள் அழுதுகொண்டே போய்விட்டாள். அவள் வேலை பார்த்த பக்கத்து வீட்டிலும் நான் விஷயத்தைச் சொன்னேன், அவர்களும் நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு நாள் கழித்து மோதிரம் என் பயணப் பையின் உள்ளறையில் கிடைத்தது. நானே வைத்ததுதான். போன் செய்து, ‘மோதிரம் கிடைச்சிடுச்சு, நாளைலேர்ந்து நீ வரலாம்’ என்றேன். ‘சரிங்கம்மா’ என்றாள். ஆனால் வரவில்லை.

மகன் இப்போது எங்களிடம் சரியாகப் பேசுவதில்லை. பள்ளிக்குக் கிளம்பும்போது யாரும் கேட்காமலேயே தன் பையைத் திறந்து காட்டுகிறான். இரவில், ‘பொய் சொன்னா போலீஸ் பிடிச்சிட்டுப் போவாங்களா?’ என்று கேட்கிறான். இரண்டு முறை படுக்கையை நனைத்துவிட்டான். அந்த நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறான். மோதிரம் கிடைத்ததை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் நம் மேல் மரியாதை போய்விடும் என்கிறார் கணவர். வேலைக்காரர்களோடு பிள்ளையை இவ்வளவு ஒட்ட விட்டதே தப்பு, போகப்போக மறந்துவிடுவான் என்கிறார் மாமியார். அப்படியே விட்டுவிடலாமா?

பதில்:

விட்டுவிடாதீர்கள். முடிந்தால் இன்றைக்கே அவனிடம் மோதிரம் கிடைத்துவிட்டதைச் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகச் செய்துகொள்ளலாம், இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்பதைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை முதலில் படித்தபோது, நெருக்கமான ஒருவரைப் பிரிந்த பிள்ளையின் துக்கம் என்றுதான் நினைத்தேன். மறுபடி படித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். ‘திருடினா போலீஸ் பிடிக்குமா’ என்று உங்கள் மகன் கேட்கவில்லை. ‘பொய் சொன்னா பிடிக்குமா’ என்று கேட்கிறான். அவன் கவலைப்படுவது அக்காவைப் பற்றி மட்டும் அல்ல, தன்னைப் பற்றியும்தான். தான் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டோம், அதனால்தான் அக்கா அழுதுகொண்டே போனாங்க என்று அவன் நம்புவதாக எனக்குத் தோன்றுகிறது. ஐந்து வாரமாக ஏழு வயதுப் பிள்ளை இதைத் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறான். காலையில் பையைத் திறந்து காட்டுவதும் அதனால்தான் இருக்கும். நேற்று அக்காவின் பை, நாளை நம்முடையது என்று அவன் மனம் கணக்குப் போட்டிருக்கலாம்.

நீங்கள் மோதிரம் கிடைத்ததைச் சொல்லாதவரை அவனுக்கு இரண்டே வழிதான். ஒன்று, அக்கா திருடி என்று நம்ப வேண்டும். அல்லது, தான் பொய் சொல்லி ஒருவரை விரட்டிவிட்டோம் என்று நம்ப வேண்டும். முதலாவதை அவன் மனம் ஏற்கவில்லை என்பதற்குத் தலையணைக்கு அடியில் இருக்கும் நோட்டு போதும். அப்படியானால் மிச்சம் இருப்பது இரண்டாவதுதான்.

அந்த ‘ஆமா’ எப்படி வந்தது என்று நீங்கள் புரிந்துகொள்வது முக்கியம். இல்லையென்றால் கோபத்தில் ஒருநாள், ‘நீதானடா பார்த்தேன்னு சொன்னே’ என்று உங்கள் வாயிலிருந்தே வந்துவிடும். மிச்செல் லைக்ட்மன், ஸ்டீபன் செசி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளிடம், ‘சாம் ஸ்டோன் என்று ஒருவர் இருக்கிறார், எதையாவது உடைத்துக்கொண்டே இருப்பார்’ என்று சில வாரம் கதை சொன்னார்கள். பிறகு அந்தப் பெயரில் ஒருவர் வகுப்புக்கு வந்தார். இரண்டு நிமிடம் இருந்தார், வணக்கம் சொன்னார், போய்விட்டார். எதையும் தொடவில்லை. மறுநாள் ஒரு கிழிந்த புத்தகத்தையும் அழுக்கான கரடி பொம்மையையும் காட்டினார்கள். அடுத்த சில வாரங்களில், அவர்தான் செய்தார் என்று எடுத்துக்கொண்டே பலமுறை கேள்வி கேட்டார்கள். கடைசியில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளில் 72 சதவீதம் பேர் அவர் அந்தப் பொருட்களைக் கெடுத்ததாகச் சொன்னார்கள். முன்கூட்டியே கதையும் சொல்லாமல், அப்படித் தூண்டிக் கேட்கவும் செய்யாத பிள்ளைகளில் அப்படிச் சொன்னவர்கள் மிகக் குறைவு.

வயது கூடக்கூட இந்தத் தடுமாற்றம் குறையும். உங்கள் மகன் அந்தப் பிள்ளைகளைவிடப் பெரியவன். ஆனால் அவனைக் கேட்டவர்கள் யாரோ ஆய்வாளர்கள் அல்ல, அவனுடைய அம்மாவும் அப்பாவும். அதுவும் கோபமாக இருந்த அம்மா அப்பா. முதல் முறை அவன் ‘தெரியாது’ என்று உண்மையைச் சொன்னான். அந்தப் பதிலை நீங்கள் ஏற்கவில்லை. ஒரே கேள்வியை மறுபடி கேட்டால், முன்னால் சொன்ன பதில் தப்பு என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். பள்ளியில் அதுதானே நடக்கிறது? சரியான பதில் எதுவென்று உங்கள் முகத்தில் தேடினான். கேள்விக்குள்ளேயே பதிலும் இருந்தது: ‘அக்கா பீரோவைத் திறந்ததைப் பார்த்தியா?’ அதை எடுத்துக் கொடுத்தான். நான்கு வருடம் வீட்டு வேலை செய்தவர் பீரோவைத் திறக்காமலா இருந்திருப்பார்? துணி மடித்து வைக்க எத்தனையோ நாள் திறந்திருப்பார். அவன் சொன்னது பொய்கூட இல்லை. நீங்கள் கேட்டது வேறு, அவன் ஒப்புக்கொண்டது வேறு.

இந்த மாதிரி ஒரு சொல் ஒருவரை எவ்வளவு காலம் துரத்தும் என்பதற்கு எனக்கு எப்போதும் ரூசோதான் நினைவுக்கு வருவார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஜான் ஜாக் ரூசோ. 1728இல், பதினாறு வயதில், இத்தாலியின் டூரின் நகரில் ஒரு பிரபுக் குடும்பத்து வீட்டில் அவர் வேலைக்கு இருந்தார். ஒரு பழைய ரிப்பனைத் திருடி மாட்டிக்கொண்டதும், அதே வீட்டில் சமையல் செய்த மரியோன் என்ற இளம்பெண்தான் அதைத் தனக்குக் கொடுத்தாள் என்று சொல்லிவிட்டார். இருவரையும் வேலையைவிட்டு அனுப்பினார்கள். அந்தப் பெண்ணின் முகம் தன்னை நாற்பது வருடம் உறுத்தியதாக அவர் பிற்காலத்தில் எழுதினார். அதில் என்னை உலுக்கும் வரி வேறு ஒன்று. தன்னைத் தனியாக அழைத்துப்போய் அன்போடு கேட்டிருந்தால் அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருப்பேன், எல்லோரும் கூடி மிரட்டியதால் வாயே வரவில்லை என்கிறார். ரூசோ தெரிந்தே பொய் சொன்னார். உங்கள் மகன் அப்படிச் செய்யவில்லை. ஆனால் கத்தல் நடந்த அந்தக் கூடத்தில், ‘இல்லம்மா, நான் பார்க்கல’ என்று சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவனுக்கும் வழி இருக்கவில்லை. அந்த வழியை இப்போது நீங்கள்தான் திறந்துவிட வேண்டும்.

எப்படிச் சொல்வது? எதிரே உட்காரவைத்து, ‘உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்’ என்று ஆரம்பித்தால் அவன் மறுபடி விசாரணை என்று பயந்துவிடுவான். படுக்கையில் பக்கத்தில் படுத்திருக்கும்போதோ, சேர்ந்து நடக்கும்போதோ சொல்லுங்கள். முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்தில் பிள்ளைகளுக்குக் கேட்பது சுலபம். வார்த்தைகள் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

‘மோதிரம் கிடைச்சிடுச்சுப்பா. அக்கா எடுக்கல. நான்தான் என் பையில வெச்சிட்டு மறந்துட்டேன். கிடைச்சு மூணு வாரம் ஆச்சு, உன்கிட்ட சொல்லாம இருந்தது என் தப்பு. அன்னைக்கு நீ முதல்ல தெரியாதுன்னு சொன்னே. அது உண்மை. நான்தான் உன்னை விடாம திரும்பத் திரும்பக் கேட்டேன். நீ ஆமான்னு சொன்னதால அக்கா போகல. நானும் அப்பாவும் தப்பா நினைச்சு அனுப்பினோம். அது பெரியவங்க செஞ்ச தப்பு, உன்னோடது இல்ல. உன்னை யாரும் பிடிச்சிட்டுப் போக மாட்டாங்க.’

இவ்வளவு போதும். ‘சரியா? அம்மாவை மன்னிச்சிட்டியா?’ என்று உடனே கேட்காதீர்கள்; அது உங்கள் நிம்மதிக்காகக் கேட்பது. அவன் அழலாம், கத்தலாம், ஒன்றுமே பேசாமல் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். ‘நீங்க கெட்டவங்க’ என்றுகூடச் சொல்லலாம். ‘ஆமாப்பா, உனக்குக் கோபம் வர்றது நியாயம்தான்’ என்பதைத் தவிர அந்த நேரத்தில் எதுவும் தேவையில்லை. நான்கு நாள் கழித்து, எதிர்பாராத ஒரு நேரத்தில் அவனே கேள்வி கேட்பான். அதே கேள்வியைப் பலமுறை கேட்பான். ஒவ்வொரு முறையும் அதே பதிலைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

உங்கள் கணவருக்கு: மரியாதை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஏழு வயதில் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நிறையக் கவனிக்கிறார்கள். மோதிரம் திரும்பவும் உங்கள் மனைவியின் விரலில் ஏறியதை ஒருநாள் அவன் பார்ப்பான். ஒருவேளை பார்த்தும் விட்டானோ என்னவோ. அப்போது அவனுக்குப் புரிவது அப்பாவும் அம்மாவும் தவறிவிட்டார்கள் என்பது மட்டுமல்ல, தெரிந்தும் மறைத்தார்கள் என்பதும்தான். போலீசுக்குப் போவேன் என்று நீங்கள் சொன்னது அவன் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதை நீங்கள்தான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், மனைவி வழியாக அல்ல.

அடுத்து, ‘மறந்துவிடுவான்’ என்பது. பிள்ளைகளின் பாசப்பிணைப்பைப் பற்றி இன்று நாங்கள் பேசுவதற்கெல்லாம் அடித்தளம் போட்டவர் ஜான் பவுல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர். அவரை வளர்த்தது பெரும்பாலும் மின்னி என்ற பணிப்பெண். பவுல்பிக்கு ஏறக்குறைய நான்கு வயது இருக்கும்போது மின்னி வேலையைவிட்டுப் போய்விட்டார். ஒரு பிள்ளைக்கு அது தாயை இழப்பதற்குச் சமமான துயரம் என்று பிற்காலத்தில் அவர் குறிப்பிட்டார். உங்கள் மகனுக்கு அம்மா நீங்கள்தான், அதில் யாரும் பங்குக்கு வரவில்லை. ஆனால் நான்கு வருடம் என்பது அவனுடைய ஆயுளில் பாதிக்கு மேல். அவன் நினைவு தொடங்கும் இடத்திலிருந்தே அக்கா இருக்கிறார்.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஏழு வயதுப் பிள்ளையின் நாளை யோசித்துப் பாருங்கள். எழுந்திரு, உட்கார், எழுது, அழித்து எழுது, இப்படிப் பிடி, அப்படிப் பிடிக்காதே. நாள் முழுவதும் யாராவது அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ஒரு அரை மணி நேரம் மட்டும் அவன் ஆசிரியர். தன்னைவிட மிகப் பெரிய ஒருவர், எத்தனையோ வேலைகளை அநாயாசமாகச் செய்யத் தெரிந்தவர், அவன் முன்னால் பென்சிலைப் பிடிக்கத் தடுமாறுகிறார், ‘இது சரியாடா?’ என்று கேட்கிறார். அவன் பொறுமையைக் கற்றுக்கொண்டது அங்கேதான் இருக்கும். தெரியாதது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல என்று கற்றதும் அங்கேதான். பெரியவர்களில் பலருக்கு ஒரு சிறு பிள்ளையிடம் அப்படி மாணவியாக உட்காரும் மனசு இருக்காது. அந்தப் பெண்ணுக்கு இருந்தது.

ஆகவே ஒட்ட விட்டது தப்பு என்ற உங்கள் மாமியாரின் கருத்தை நான் ஏற்கவில்லை. நீங்கள் பிள்ளையைப் பாதுகாக்க விரும்பினால் கவனிக்க வேண்டியவை வேறு: ஒரு பெரியவர் ரகசியம் காக்கச் சொல்கிறாரா, பிள்ளை விரும்பாதபோதும் தொடுகிறாரா, பயமுறுத்துகிறாரா என்பவை. அவை யாரிடமும் இருக்கலாம், உறவினரிடமும்கூட. என்ன வேலை செய்கிறார், என்ன சம்பளம் வாங்குகிறார் என்பது அதற்கு அளவுகோல் அல்ல. முன்பணம் கேட்டதும் அப்படித்தான். அவருக்குப் பணத் தேவை இருந்தது, உங்களிடம் வெளிப்படையாகக் கேட்டார், அவ்வளவுதான். தேவை இருப்பது திருட்டுக்குச் சாட்சி ஆகாது. பொருளை வைத்த இடம் நமக்கு நினைவில் இல்லாதபோது, அந்த இடைவெளியை நிரப்ப மனம் ஒரு கதையைத் தேடுகிறது. அதில் எதிர்த்துப் பேச முடியாத ஆள்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்.

இப்போது அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். ஒன்றைக் கவனித்தேன், வருத்தப்படாதீர்கள். கடிதம் முழுக்க அவரை ‘அவள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். போனிலும் ‘நீ வரலாம்’. உங்கள் மகன் மட்டும்தான் அவரை உறவு சொல்லி அழைக்கிறான். ‘மோதிரம் கிடைச்சிடுச்சு, நீ வரலாம்’ என்பதில் மன்னிப்பு எங்கே இருக்கிறது? மோதிரம் கிடைத்ததால் அவர் குற்றமற்றவர் ஆனார் என்பதுபோல் இருக்கிறது அது. கிடைக்காமல் போயிருந்தாலும் அவர் எடுக்கவில்லைதானே. ‘சரிங்கம்மா’ என்று சொல்லிவிட்டு வராமல் இருந்ததுதான் அவரால் சொல்ல முடிந்த பதில்.

நேரில் போங்கள், அதற்கு முன் போனில், ‘உங்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்கணும், வரலாமா?’ என்று அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் போகாதீர்கள். அப்போது போனிலேயே முழுசாகச் சொல்லுங்கள். முதல் தடவை மகனை அழைத்துப்போக வேண்டாம் என்பது என் கருத்து. அவன் கூட நின்றால் அந்தப் பெண்ணால் மனம்விட்டுக் கோபப்படக்கூட முடியாது, பிள்ளைக்காகச் சிரித்துவிடுவார். அவர் கோபத்தை நீங்கள் இரண்டு பேரும் நின்று கேட்க வேண்டும். ‘ஆனா அந்த நேரத்துல எங்களுக்கு வேற வழி தெரியல’ போன்ற விளக்கம் வேண்டாம். சந்தேகப்பட்டது, பையைத் திறந்தது, போலீஸ் என்று மிரட்டியது, பக்கத்து வீட்டில் சொன்னது, இத்தனையையும் நீங்களே பெயர் சொல்லிச் சொல்லுங்கள். வேலைக்குத் திரும்பி வருவதை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். வருவதும் வராததும் அவர் விருப்பம்.

அங்கே போவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்குப் போய்விடுங்கள். அவர்களிடம், ‘தப்பு என்னுடையது, என் பையிலேயே இருந்தது’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். வேறு யாரிடமெல்லாம் சொன்னீர்களோ அவர்களிடமும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2021இல் சொன்ன கணக்குப்படி உலகில் ஏழரைக் கோடிப் பேருக்கு மேல் வீட்டு வேலை செய்கிறார்கள், நாலில் மூன்று பேர் பெண்கள். மற்ற தொழிலாளர்களுக்கு உள்ள அடிப்படை உரிமைகள் இவர்களுக்கும் வேண்டும் என்று 189ஆம் உடன்படிக்கையை அந்த அமைப்பு நிறைவேற்றியதே 2011இல்தான். நடைமுறையில் இன்னும் பெரும்பாலோருக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தமோ நற்சான்றோ கிடையாது. ‘நம்பி வீட்டை விட்டுட்டுப் போகலாம்’ என்று ஒருவர் வாயால் சொல்வதுதான் அவர்களுடைய சான்றிதழ். அதைத்தான் நீங்கள் கிழித்துவிட்டீர்கள், அதனால் அவர் இரண்டு வீட்டு வருமானத்தை இழந்தார். பாக்கிச் சம்பளத்தோடு, வேலையில்லாமல் போன நாட்களுக்கான இரண்டு வீட்டுச் சம்பளத்தையும் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். பரிசாகவோ உதவியாகவோ சொல்லிக் கொடுக்காதீர்கள். உங்களால் அவருக்கு ஏற்பட்ட நஷ்டம் அது.

பிறகு, மகன் உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறான், அழைத்து வரலாமா என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால், அந்தச் சந்திப்பில் மகன் முன்னிலையில் மறுபடி ஒருமுறை சுருக்கமாக மன்னிப்புக் கேளுங்கள். பழி அவன் கண் முன்னால்தான் விழுந்தது, அது நீங்குவதையும் அவன் பார்க்க வேண்டும். அப்புறம் தள்ளி நின்று அவர்களைப் பேச விடுங்கள். அவன் தயங்கினால் தள்ளிவிடாதீர்கள். வேலைக்கு அவர் திரும்பாவிட்டாலும் பரவாயில்லை, மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாம், போனில் பேசலாம். வேறு வீட்டில் வேலைக்குப் போய்விட்டால் நட்பு முடிந்துவிட வேண்டும் என்பதில்லை. அவர் பார்க்கவே வேண்டாம் என்றால், அதையும் மகனிடம் உள்ளபடி சொல்லுங்கள்: ‘அக்காவுக்கு எங்க மேல இன்னும் வருத்தம் இருக்கு. உன் மேல இல்ல.’ இதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னால் இன்னும் நல்லது.

படுக்கை நனைவதற்குத் திட்டவோ கேலி செய்யவோ கூடாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். விரிப்பை மாற்றிவிட்டு மறுபடி தூங்க வையுங்கள். பையைத் திறந்து காட்டும்போது உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் நீங்களே மூடி அவன் தோளில் மாட்டிவிடுங்கள். எல்லாவற்றையும் சொன்ன பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் இவை நீடித்தால், அல்லது பள்ளிக்கே போக மறுத்தால், சாப்பாடும் தூக்கமும் கெட்டால், குழந்தைகள் மனநல ஆலோசகர் ஒருவரை நேரில் பாருங்கள். பகலிலும் நனைத்தாலோ சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்தாலோ முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி வீட்டில் எதுவும் காணாமல் போனால், பிள்ளையைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். கேட்டே ஆக வேண்டும் என்றால், ‘இதை எங்கயாவது பார்த்தியா?’ என்று யார் பெயரையும் சொல்லாமல் ஒரே ஒரு முறை. தெரியாது என்றால் அதோடு சரி.

நோட்டைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுக்காதீர்கள், அது அங்கேயே இருக்கட்டும். உண்மையைச் சொன்ன அடுத்த நாளோ, அதற்கடுத்த நாளோ, அவன் கொஞ்சம் இளகியிருக்கும் ஒரு நேரத்தில், அக்கா எந்த எழுத்து வரைக்கும் வந்திருந்தாங்க என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.